வாத்தியார் பெயரில் ஒரு சுழற்கோப்பை

சிலையும் இல்லை, மணிமண்டபமும் இல்லை. காவிரிப் படுகையில் ஒரு கபடிப் பயிற்சியாளர் கண்ணை மூடினால், அவருடைய பிள்ளைகள் அறுத்த வயலில் கோடு போட்டு ஆடுகிறார்கள்.

மாசி மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்குப் பேருந்தில் போகிறவர்கள் சன்னலோரமாக உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் சம்பா அறுத்த தாள் மஞ்சளாக நிற்கும். அறுப்புக்கு முன்பே வயலில் தூவிவிட்ட உளுந்தும் பயறும் தாளுக்கு நடுவே இலை விட்டிருக்கும். டீக்கடைச் சுவர், நெல் கொள்முதல் நிலையத்தின் தகரக் கதவு, பேருந்து நிழற்குடை என்று கண் போகிற இடமெல்லாம் ஒரே மாதிரி சுவரொட்டிகள்: ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’.

வேகமாகப் படித்தால் அதோடு முடிந்துவிடும். நிறுத்தத்தில் பேருந்து நிற்கும்போது கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பல சுவரொட்டிகளின் மேல் மூலையில் ஒரு படம் இருக்கும். பளபளக்கும் பனியன் போட்ட வீரர்களுக்கும் கும்பிட்ட கையோடு நிற்கும் பிரமுகர்களுக்கும் மேலே, நரைத்த தலையும் முழுக்கைச் சட்டையுமாக ஒருவர் இருப்பார். ரேஷன் அட்டைக்கோ வங்கிக் கணக்குக்கோ எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருப்பார்கள். படத்துக்குக் கீழே பெயர், மறைந்த தேதி, அதற்கும் கீழே ‘நினைவு சுழற்கோப்பை’. பிறகுதான் நுழைவுக் கட்டணம், எடைப்பிரிவு, முதல் பரிசு தருபவர், இரண்டாம் பரிசு தருபவர், ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்பதெல்லாம். கடைசி வரியில் ‘இங்ஙனம்: மாணவர்கள் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்’.

அந்த நரைத்த தலைக்காரர்தான் வாத்தியார். சில ஊர்களில் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக இருந்திருப்பார். சில ஊர்களில் பட்டாளத்திலிருந்தோ போலீஸிலிருந்தோ ஓய்வு பெற்று வந்தவராக இருப்பார். சில ஊர்களில் எந்த உத்தியோகமும் பார்க்காமல், ஒரு காலத்தில் நன்றாக ஆடி, முழங்கால் போனபின் கோட்டுக்கு வெளியே நிற்கத் தொடங்கியவராக இருப்பார். இந்தக் கட்டுரையில் அவருக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. படிக்கிறவர்கள் அவரவர் ஊர் வாத்தியாரின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு பெயர் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வயல் களமாகும் நாள்

டெல்டாவில் கபடிக்கும் நெல்லுக்கும் ஒரே பஞ்சாங்கம். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் பாமணியாற்றிலும் பிரிந்து வந்துவிட்டால் கபடிக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை. குறுவை, சம்பா, தாளடி என்று தை வரைக்கும் சேற்றில்தான் கால். தையில் அறுப்பு முடிந்து கையில் நான்கு காசு புழங்கத் தொடங்கும்போதுதான் ஊர் விளையாட நினைக்கும். மாசியிலிருந்து வைகாசி வரை, அடுத்த தண்ணீர் வரும்வரைக்குமான இடைவெளிதான் கபடிக் காலம்.

களம் போடுவதே ஒரு வேலை. வண்டல் களி மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் விழுந்தால் தோல் மிஞ்சாது. கொத்திக் கட்டி உடைத்து, கல்லும் நத்தை ஓடும் பொறுக்கி, மணல் கலந்து, முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்து, காலையில் மிதித்துப் பதமாக்க வேண்டும். ஆண்களுக்கு நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். பெண்களுக்கு 12-க்கு 8. நடுக்கோடு, தொடுகோடு, போனஸ் கோடு எல்லாவற்றுக்கும் நாடா இழுத்து ஆணி அடிக்க வேண்டும். ஆணியின் தலை மண்ணுக்கு மேலே துருத்தினால் ஒரு பையனின் பாதம் போயிற்று. அதனால் ஆட்டம் தொடங்கும் முன் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாக் கோட்டின் மீதும் ஒரு முறை வெறுங்காலோடு நடப்பார். எங்கள் பள்ளி வாத்தியார் கடைசி வரை இதை இன்னொருவரிடம் ஒப்படைக்கவில்லை. பள்ளத்தையும் மேட்டையும் கண்ணைவிடப் பாதம்தான் சரியாகச் சொல்லும் என்பது அவர் கட்சி.

நான் கபடி ஆடியவன் இல்லை. ஆடப் போனவன். இரண்டு நாளில் என் உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை; ஒரு நாற்பது பக்க நோட்டையும் பென்சிலையும் கொடுத்துக் கோட்டோரம் உட்காரவைத்தார். யார் பாடிப் போனது, யார் பிடித்தது, எத்தனையாவது நிமிடத்தில் ஆள் விழுந்தது என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நோட்டை வாங்கிப் பார்ப்பார். “அந்தப் பய மூணு தடவையும் இடது பக்கமாத்தான் திரும்பியிருக்கான், எழுதலியே” என்பார். பார்த்ததை எழுதுவது என்ற வேலையை நான் கற்றுக்கொண்டது அந்த நோட்டில்தான்.

மூச்சும் காலும்

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கபடி முரட்டு ஆட்டமாகத் தெரியும். வாத்தியார்கள் அதைக் கணக்காகத்தான் பார்த்தார்கள். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. எதிரே ஏழு பேர். ‘கபடி கபடி’ என்ற பாட்டு நடுவில் அறுந்தால் அவர் அவுட். அதாவது மூச்சு தீர்வதற்குள் ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். போவதற்குச் செலவாகும் மூச்சைவிடத் திரும்புவதற்கு அதிகம் தேவைப்படும். ‘போற மூச்சை எண்ணாத, வர்ற மூச்சை எண்ணு’ என்பது டெல்டாவின் எல்லாத் திடல்களிலும் ஏதாவது ஒரு வடிவில் காதில் விழுகிற பாடம்.

பிடிக்கிறவர்களுக்கான பாடம் வேறு. பாடி வருகிறவன் கண்ணாலும் தோளாலும் பொய் சொல்வான். காலால் சொல்ல முடியாது. அவன் எந்தப் பாதத்தில் எடையை இறக்குகிறானோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் பாயப்போகிறான். ஓரத்தில் நிற்கும் கார்னர்காரர் அந்தக் காலைப் பார்த்துக் கணுக்காலில் விழ வேண்டும். விழுந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர் வந்து சேரவில்லை என்றால் பிடி கழன்றுவிடும். எனவே தடுக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு நிற்பார்கள். செயின் என்று சொல்வது இதைத்தான். கோத்த கை விட்டுப்போனால் அணியே போயிற்று.

வாத்தியார் உயிரோடு இருக்கும்போது இதெல்லாம் திட்டாகத்தான் வந்து விழும். அவர் போன பிறகு, அதே திட்டு அறிவுரையாகிவிடுகிறது. நினைவுப் போட்டியின் இரவில் களத்தைச் சுற்றி நிற்கிற நடுவயதுக்காரர்களிடம் கேட்கிற வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: “வாத்தியார் இருந்திருந்தா இந்நேரம் வைஞ்சு தீத்திருப்பாரு.” டெல்டாவில் இதைவிடப் பெரிய அஞ்சலி எனக்குத் தெரிந்து இல்லை.

தொடுவதே ஆட்டம்

இந்த ஆட்டத்தின் விதியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தொட்டால் புள்ளி. பிடித்தால் புள்ளி. தொடாமல் திரும்பி வந்தால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. தொடக்கூடாது என்பதையே ஒழுங்காக வைத்திருந்த ஊர்களில், தொடுவதையே விதியாகக் கொண்ட ஓர் ஆட்டம் எப்படி இத்தனை ஆழமாக வேர் பிடித்தது?

டெல்டாவின் நெல்லுக்குப் பின்னால் பண்ணையாள் முறையின் நீண்ட கதை இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த இரவு நடந்து ஒரு தலைமுறைகூட ஆகாத காலத்தில்தான், இன்று சுவரொட்டியில் சிரிக்கிற வாத்தியார்களில் பலர் பள்ளிக்கூட மைதானங்களில் விசிலை வாயில் வைத்தார்கள். அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தெருவுக்கு ஓர் அணி கட்டுவது எளிது, சண்டையும் வராது. எல்லாத் தெருப் பையன்களையும் ஒரே அணியில் போடுவது தலைவலி. கை கோக்க வேண்டுமே.

எல்லா வாத்தியாரும் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதினால் அது பொய். சாதித் தலைவர்களின் படம் போட்ட பனியனோடு இறங்கும் அணிகளும், களத்தில் தொடங்கிய தள்ளுமுள்ளு தெருவரை போய் முடிந்த இரவுகளும் இங்கே உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கபடியில் தங்கம் வென்று அர்ஜுனா விருதும் பெற்றவர். அவர் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025-ல் வந்தபோது, அதில் வரும் சாதிப் பகை டெல்டாவில் யாருக்கும் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

ஆனால் இரண்டாவது வழியில் போன வாத்தியார்கள்தான் சாவுக்குப் பிறகும் நிற்கிறார்கள். ஒரு தெருவின் ஆளாக வாழ்ந்தவருக்கு அந்தத் தெரு அஞ்சலி செலுத்தும். ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று சுவரொட்டியின் கடைசி வரியில் போட வேண்டுமென்றால், அவர் உயிரோடு இருக்கும்போது அந்தச் சொல்லை உண்மையாக்கியிருக்க வேண்டும். ஒரே வாளியில் எல்லோரையும் தண்ணீர் மொண்டு குடிக்கவைத்த ஆள், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஒரே பந்தியில் உட்காரவைத்த ஆள் என்று அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள், அவர் வாங்கிக்கொடுத்த கோப்பைகளை அதற்கு அப்புறம்தான் எண்ணுகிறார்கள்.

மெல்போர்னின் வாத்தியார்

பயிற்சியாளருக்காக ஊர் அழுவது டெல்டாவுக்கு மட்டும் உரியதில்லை. மெல்போர்னின் எம்.சி.ஜி. நமக்குக் கிரிக்கெட் மைதானம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது முதலில் அவர்களுடைய கால்பந்தின் கோயில். ஆஸ்திரேலியக் கால்பந்து நாம் பார்க்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து. காலாலும் உதைக்கலாம், ஒரு கையில் பந்தை ஏந்தி மறுகை முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம்.

அந்த ஆட்டத்தின் பெரிய பெயர் ரான் பராசி. 1936-ல் பிறந்தவர். மெல்போர்ன் அணிக்கு ஆடிய அவர் தந்தை, 1941-ல் வட ஆப்பிரிக்காவின் டோப்ருக் போர்முனையில் இறந்தார். பையனுக்கு அப்போது 5 வயது. பிற்பாடு அந்தப் பையனைத் தன் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு அறையில் தங்கவைத்து வளர்த்தவர், தந்தையோடு ஒரே அணியில் ஆடிய நார்ம் ஸ்மித். அதே ஸ்மித் பயிற்சியாளராகி 1955-க்கும் 1964-க்கும் இடையில் மெல்போர்னுக்கு ஆறு பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார். ஆறிலும் பராசி ஆடினார். தகப்பன் இல்லாத பையனைத் தன் வீட்டுத் திண்ணையில் படுக்கவைத்து, காலையில் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற வாத்தியாரை நம் ஊரில் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்தக் கதையில் மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

பராசியும் பயிற்சியாளரானார். 1970 இறுதிப் போட்டியில் 1,21,696 பேர் அமர்ந்திருந்த எம்.சி.ஜி.யில் அவருடைய கார்ல்டன் அணி இடைவேளையில் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. உதைப்பதைக் குறையுங்கள், கையால் குத்திக் குத்தி அனுப்பிக்கொண்டே ஓடுங்கள் என்பது அவர் இட்ட கட்டளை. கார்ல்டன் 10 புள்ளிகளில் வென்றது. அந்த ஆட்டத்தின் போக்கையே திருப்பிய அரைநேரம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். 2023 செப்டம்பர் 16-ல் 87 வயதில் அவர் மறைந்தார். எம்.சி.ஜி.க்கு வெளியே அவருக்குச் சிலை முன்பே இருந்தது.

அவருடைய வாத்தியார் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. ஆறு பட்டம் கொடுத்த ஸ்மித்தை 1965-ல் நிர்வாகம் பதவியிலிருந்து நீக்கியது. சில நாட்களிலேயே திரும்ப அழைத்தது. ஆனால் அதற்குப் பின் மெல்போர்ன் அணி மறுபடி பட்டம் வெல்ல 2021 வரை காத்திருந்தது. இடையில் கழிந்த அந்த 57 ஆண்டுகளை ‘நார்ம் ஸ்மித் சாபம்’ என்றே ரசிகர்கள் சொன்னார்கள். வாத்தியார் சாபம் பலிக்கும் என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கும் ஐயம் கிடையாது. 1979 முதல், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் கழுத்தில் விழுகிற பதக்கத்துக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் என்று பெயர். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்த ஒருவரை, ஒவ்வோர் ஆண்டும் ஓர் இளைஞன் கழுத்தில் அணிந்துகொண்டு வீட்டுக்குப் போக அந்த ஊர் வழி செய்தது. வயல்நடுவே வாத்தியார் பெயரில் சுழற்கோப்பை வைக்கிறவர்களுக்கும் அவர்களுக்கும் பணத்தில்தான் வித்தியாசம்.

நாம் மறந்த ஆசான்கள்

இந்தியாவின் மிகப்பெரிய கால்பந்து வாத்தியார் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்சியில் இந்தியா 1951 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடி வாங்கியது. ரஹீம் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் எடுத்தார். 1956-ல், பராசி ஆடிக்கொண்டிருந்த அதே மெல்போர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக்கில், அவருடைய அணி ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. நெவில் டிசௌசா மூன்று கோல் அடித்தார்.

1962-ல் ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த உடம்போடு ஜகார்த்தா ஆசியப் போட்டிக்குப் போனார். இந்திய அணிக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்துக்கு நடுவே தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிவந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்தார். அதற்குப் பின் ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா தங்கத்தைப் பார்க்கவே இல்லை. அவரை நாட்டின் இளைய தலைமுறை பெயர் சொல்லி அறிந்தது 2024-ல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்தபோது. அறுபது ஆண்டு கழித்து ஒரு சினிமா வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

1985-ல் அரசு பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதைத் தொடங்கியபோது முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர் கேரளத்தின் ஓ.எம். நம்பியார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் ஓட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்ட பி.டி. உஷாவின் பயிற்சியாளர். 2021 ஆகஸ்டில் அவர் மறைந்தார். நாடு அவரை உஷாவின் வழியாகத்தான் நினைவு வைத்திருக்கிறது. பயிற்சியாளர் என்பவரின் தலையெழுத்தே அதுதானோ என்று தோன்றுகிறது. அவருக்கென்று தனியாக ஒரு புள்ளிக்கணக்கு கிடையாது.

விருதுக்கு வைத்த பெயரைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு உண்டு. கட்டை விரலைக் கேட்டு வாங்கிய குருவின் பெயரை வைத்தார்களே என்று. கதையில் ஏகலைவன் குருவை மண்ணால் செய்து வைத்துக்கொண்டு வித்தை பழகினான். டெல்டாவின் கபடிப் பையன்களுக்கு இந்தப் பாதி நன்றாகப் பொருந்தும். குரு போய்விட்டார்; மண் இருக்கிறது. மீதிப் பாதிக்கு இங்கே இடமில்லை. இந்த வாத்தியார்கள் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கவில்லை.

வடுவூரும் மற்ற ஊர்களும்

மன்னார்குடிச் சாலையில் வருகிற வடுவூரை வெளியூர்க்காரர்கள் கோதண்டராமர் கோயிலுக்காகவும் ஏரிப் பறவைகளுக்காகவும் அறிவார்கள். திருவாரூர் மாவட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் வருவது கபடி. அந்த ஊர்ப் பையன் அபினேஷ், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தார். அதே போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா பெண்கள் அணியோடு தங்கம் வென்றார். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் தந்தது.

தஞ்சை மாவட்டத்தின் திருச்சென்னம்பூண்டி, இன்னொருவரைத் தந்தது: தர்மராஜ் சேரலாதன். 1975-ல் பிறந்த அவர் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராகப் புரோ கபடி லீக் பட்டம் வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் ஆடினார். மற்றவர்கள் பயிற்சியாளராகிவிடுகிற 44-ஆவது வயதிலும் அந்த லீக்கில் கார்னரில் நின்று கணுக்கால் பிடித்துக்கொண்டிருந்தார். வயதில் பாதி இருந்த சக வீரர்கள் இந்தி பேசும் மாநிலங்களிலிருந்து வந்தாலும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள்.

இப்படி மேலே போனவர்களை எண்ணிவிடலாம். எண்ண முடியாதவர்கள் இன்னொரு வகை. போலீஸ், ரயில்வே, மின்வாரியம், வங்கி என்று கபடியால் வேலைக்குப் போனவர்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. குத்தகை நிலத்தில் இரண்டு போகம் பொய்த்தால் கடனில் விழுகிற குடும்பத்துக்கு, ஒரு மாதச் சம்பளம் என்பது ஓர் ஆறு தடம் மாறி வந்த மாதிரி. விண்ணப்பம் வாங்கி வந்து, சான்றிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கி, தேர்வுக்கு முதல் நாள் தன் கைக்காசில் பேருந்து ஏற்றிவிட்டவர் வாத்தியார் என்பது பல வீடுகளின் கதை. நினைவுக் கோப்பைக்கான செலவில் பெரும் பங்கு இவர்களிடமிருந்துதான் வருகிறது. சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் மாசி பிறந்தால் கேட்காமலேயே பணம் அனுப்பிவிடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளை ஆடவைத்த வாத்தியார்களின் பாடு இரட்டிப்பு. அரைக்கால் சட்டை போட்டு ஊர் நடுவில் எப்படி அனுப்புவது என்று கேட்ட தாய்மார்களின் வாசலில் அவர்கள் எத்தனை முறை நின்றார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 2018 ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்களை 27-24 என்று வென்று ஈரான் தங்கம் வாங்கியபோது, ஈரான் அணிக்குப் பயிற்சி தந்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். வாத்தியாரின் அருமை சொந்த வீட்டில் தெரியாது என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஸ்கோர் வேண்டியதில்லை.

மௌனத்துக்குப் பதில் பாட்டு

நினைவுப் போட்டியின் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸ் சொல்லும். தொடங்கும்போது பத்தாகிவிடும். மூங்கில் கம்பங்களில் விளக்கு கட்டியிருப்பார்கள். விளக்கைச் சுற்றி ஈசல். ஓரத்தில் மேசை போட்டு வாத்தியார் படத்துக்கு மாலை. படத்துக்குப் பக்கத்தில் கோப்பை. சில ஊர்களில் கோப்பையோடு அவருடைய விசிலையும் வைப்பார்கள். வர்ணனையாளர் ஒலிபெருக்கியில் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவிப்பார். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த நிமிடம் எந்த ஊரிலும் முழுசாக ஓடியதில்லை. எங்கோ ஒரு குழந்தை அழும், சுண்டல் வண்டிக்காரர் தட்டில் தட்டுவார், களத்துக்குள் நிற்கிற பையன்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள்.

பிறகு முதலில் பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போவான். ‘கபடி கபடி கபடி’. அந்த மௌனத்தைவிட இந்தச் சத்தம்தான் வாத்தியாருக்குப் பிடித்திருக்கும் என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மூச்சை அடக்கி உள்ளே போவதும் மூச்சு தீருமுன் திரும்புவதுமாக இரவு நகரும். விடிவதற்கு முன் இறுதி ஆட்டம்.

போன மாசியில் எங்கள் ஊர்ப் போட்டிக்குப் போனபோது என்னை ஸ்கோர் மேசைக்குக் கூப்பிட்டார்கள். தலைமுடியில் பாதி போன பிறகும் இந்த ஊருக்கு நான் நோட்டுப் பிடிக்கிற பையன்தான். ஒவ்வொரு அணியும் தருகிற வீரர் பட்டியலில், கடைசியில் ‘பயிற்சியாளர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் ஊர் அணி தந்த தாளில் அந்தக் கட்டத்தில் மேசை மேல் மாலையோடு இருந்தவரின் பெயரையே எழுதியிருந்தார்கள். எழுதிய பையனுக்கு வயது பதினாறு இருக்கும். அவன் வாத்தியாரிடம் நேரில் கற்றவன்கூட இல்லை. அவரிடம் கற்றவரிடம் கற்றவன். “தம்பி, இப்ப உங்களுக்குச் சொல்லித்தர்றவர் பேரைப் போடணும்” என்றேன். “அவருதான் சார் இப்பிடி எழுதச் சொன்னாரு” என்றான். நான் திருத்தவில்லை.

அந்த இரவில் எங்கள் ஊர் அரையிறுதியில் தோற்றது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அணி கோப்பையை வென்றது. பரிசளிப்பில் ஒரு நிபந்தனையை ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்கள்: சுழற்கோப்பை, அடுத்த மாசிக்குத் துடைத்துக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். பொழுது விடிந்தபோது நாடாவைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனியில் தண்ணீர் வந்தால் அந்த இடம் நாற்றங்கால். கோடு இருந்த தடமே தெரியாது.

வென்ற பையன்கள் சரக்கு வேனின் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஒருவன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். “யாருடா இவரு?” என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டான். அவனுக்கும் தெரியவில்லை. ஆனாலும் கோப்பையின் மேல் படிந்திருந்த மண்ணைத் தன் பனியனால் துடைத்தான்.